உங்க அண்ணனுக்காகச் சாகல

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் பைபிளோடு இருந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"இயேசு உங்க அண்ணனுக்காகச் சாகல மதினி. ஆண்டவரு முன்னாடியே தெரிஞ்செடுத்தவுகளுக்கு மட்டுந்தான் செத்தாரு. எங்க சபையில அப்படித்தான் சொல்றாக."

"ஆசுபத்திரியில சாகக் கெடக்கான். 'என்னைய மாதிரிக் குடிகாரனுக்கும் சேத்தா செத்தாரு'ன்னு கேக்குறான். இல்லன்னு போயிச் சொல்லவா?"

"அவுக ஒருநாளாச்சும் கோயிலுக்கு வந்தாகளா?"

"ஏத்தா, பஸ் ஸ்டாண்டுல மைக்கு வச்சு 'எல்லாரும் வாங்க'ன்னு கத்துறீகளே, எதுக்கு? தெரிஞ்செடுத்தவுக பேர மட்டும் வாசிச்சுக் கூப்பிட வேண்டியதுதான?"

"யார் யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஆண்டவருக்குத்தான் தெரியும். அதான் எல்லாரையும் கூப்பிடுறோம்."

"தெரியாதுல்ல? அப்ப எங்க அண்ணன் அதுல இல்லன்னு மட்டும் உனக்கு யாரு சொன்னா?"

கண்டக்டர்கூடச் சிரித்துவிட்டார். மூத்தவள் அதற்குள் போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உனக்கும் சேத்துத்தான் செத்தாரு! கேட்டியா? உனக்கும் சேத்துத்தான்!"

"ஜெபிக்க நானும் வாரேன்னு சொல்லுங்க மதினி" என்றாள் இளையவள்.

எழுதியது: பங்குனி 22, ஞாயிற்றுக்கிழமை.