டிராக்டர் சத்தத்தை மறந்த நூற்று நாற்பது மாடுகள்

கொட்டும் பனியிலும் கூட்டம் குறையாத இந்த மன்றத்தின் தலைவர், என் பக்கத்துப் பண்ணை அண்ணன் ஓரெஸ்ட் வாஸ்குல் அவர்களே! பனியில் பிறந்து, பனியில் வளர்ந்து, பனிக்கு மட்டும் இன்றுவரை பணியாத சஸ்காட்செவன் மாகாணத்துப் பெரியோர்களே! விடியலிலேயே வந்து அடுப்பு மூட்டி, முட்டைக்கோஸ் இலையில் சோறு பொதிந்து, மண்டபத்தையே மணக்க வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கோஸ்தியுக் பண்ணை டாரியா நான், உங்கள் அனைவரையும் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

குளிர்காலம் முழுக்க ஒரு கட்டு உலர்புல்கூடப் போடாமல் மாடு மேய்த்த கதையைச் சொல்லும்படி தலைவர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். சொல்கிறேன். ஆனால் அந்தக் கதையில் தலைவரும் வருகிறார், அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது! சிரிக்கிறாரா? சிரிக்கட்டும், இன்னும் கதை ஆரம்பிக்கவே இல்லை.

கோடையெல்லாம் புல் அறுத்தோமே, யாருக்காக? மாட்டுக்காக! வெயிலெல்லாம் உலர்த்திக் கட்டினோமே, யாருக்காக? மாட்டுக்காக! குளிரெல்லாம் அதைக் கொண்டுபோய் வாய்க்கு நேரே போட்டோமே, யாருக்காக? மாட்டுக்காக! அந்த மாட்டுக்கோ நாலு கால் இருக்கிறது, நல்ல பல் இருக்கிறது, தன் தீனியைத் தானே தேடும் தெம்பு இருக்கிறது. அப்படியானால் ஐயா, பண்ணைக்கு முதலாளி யார், வேலைக்காரன் யார்?

பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால், நானும் என் கணவர் வாசிலும் புல்லறுக்கவில்லை. ஜூலை முதல் நான்கு வயல்களில் ஒரு மாட்டையும் விடாமல், புல்லை நின்றபடியே குளிர்காலத்துக்கு விட்டுவைத்தோம். ஊர் சும்மா இருந்ததா? அஞ்சலகத்தில் ஒருவர் என்னை வழிமறித்தார்.

"ஏம்மா டாரியா, பனியைத் தோண்ட மாட்டுக்கெல்லாம் ஆளுக்கொரு மண்வெட்டி வாங்கிட்டியா?"

கேட்டவர் பெயரைச் சொல்ல மாட்டேன். மேடையின் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்!

நவம்பர் போயிற்று. டிசம்பரும் பாதி போயிற்று. மாடுகள் மூக்கால் பனியைத் தள்ளின, அடியிலிருந்த மஞ்சள் புல்லை மேய்ந்தன, தாகத்துக்குப் பனியையே நக்கின. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அப்போதுதான் பெய்தது மழை. பனிக்காலத்தில் மழை! விடிந்து பார்த்தால் வயல் முழுக்க விரல் பருமனுக்குப் பனிக்கட்டி மூடி போட்டிருந்தது. மாடுகள் மூக்கால் முட்டின, மூக்கில் ரத்தம் வந்தது.

அந்தக் காலைதானா என் கணவருக்குப் பழக்க தோஷம் வர வேண்டும்? எஞ்சின் குளிரில் இறுகிப்போகக் கூடாதென்று டிராக்டரைக் கிளப்பிவிட்டார். நீங்களெல்லாம் செய்வதுதானே? அவ்வளவுதான். சத்தம் கேட்ட நூற்று நாற்பது மாடுகளும் ஓடி வந்து வாசல்கேட்டில் நின்றன. புல் வரும் என்று நின்றன. அன்று முழுக்கக் கத்தின, மறுநாளும் கத்தின, ஓர் அடி நகரவில்லை. எல்லாம் சினை மாடுகள். வயிறு ஒட்டிப்போனதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பிடிவாதத்துக்கு இந்த வாயில்லா ஜீவன்களா பலி என்று நான் அழுதேன், உண்மையைச் சொல்கிறேன், அழுதேன்.

மூன்றாம் நாள் காலை ஓரெஸ்ட் அண்ணன் வந்தார், தன் டிராக்டரில் இரண்டு பெரிய புல்கட்டோடு. கேட்காமலே வந்தார் ஐயா! நான் கேட்டை மறித்து நின்றேன்.

"எஞ்சினை அணைச்சிடுங்க அண்ணே. உள்ள வராதீங்க."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? மாடு செத்துப்போகும்மா!"

"இன்னைக்குப் போட்டீங்கன்னா ஏப்ரல் வரைக்கும் இந்தக் கேட்டை விட்டு நகராதுங்க. புல்லு வேணாம். உங்க குதிரைங்களைக் குடுங்க."

அவருடைய பனிவண்டிக் குதிரைகளை அறியாதவர் உண்டா? பெற்ற பிள்ளைக்குக்கூட அவர் அவ்வளவு சீவிவிட்டதில்லை!

"அந்த ஐசுல காலு கிழிஞ்சா யாருடி பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு. சாயங்காலம் வரைக்கும் பாப்போம். மாடு மேயலைன்னா நானே கேட்டைத் திறக்கிறேன்."

வாசில் பக்கத்தில் வந்து, "அண்ணே, தப்பு என்னோடது, டிராக்டரைக் கிளப்பினது நான்தான்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். இரண்டு புல்கட்டையும் வேலிக்கு வெளியே இறக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது நான்கு குதிரைகளும் வந்தன! கால்களில் சாக்குத்துணி சுற்றியிருந்தார், அந்த மனிதர். ஸிர்கா என்ற மூத்த பெட்டைக் குதிரையைத் தானே பிடித்து முன்னால் நடந்தார். குதிரை பனியை மூக்கால் தள்ளாது, குளம்பால் உதைக்கும். உதைத்தது! உடைந்தது மூடி! புல் தெரிந்தது! நான்கு குதிரைகளும் வயலை உழுவதுபோல உடைத்துக்கொண்டே போயின. கேட்டில் நின்ற கூட்டத்தில், குளிரில் ஒற்றைக் காது கருகிய ஒரு செவலைப் பசு திரும்பிப் பார்த்தது. மெல்ல நடந்தது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் பத்து. பொழுது சாய்வதற்குள் கேட்டில் ஒரு மாடு இல்லை.

இனி அந்தச் சத்தமே மாட்டின் காதில் விழக் கூடாதென்று, அன்றே வாசில் டிராக்டரின் பேட்டரியைக் கழற்றி மின்வேலிக்கு மாட்டிவிட்டார். வசந்தத்தில் பிறந்த கன்றுகளில் ஒன்றுகூடச் சாகவில்லை.

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசையில்? அந்த இரண்டு புல்கட்டுமா? இன்னும் வேலியோரம்தான் கிடக்கின்றன. முயல் குடியிருக்கிறது, வாடகை வாங்குவதில்லை!

பெருமக்களே, இது ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. மணி காலை பதினொன்று. அந்தக் காலத்தில் இதே மண்டபத்தில், இதே மாதத்தில் கூட்டம் போட்டால் ஏழு பேர் வருவோம், மாட்டுக்குப் புல் போட வேண்டுமென்று பாதியில் எழுந்து ஓடுவோம். கிறிஸ்துமஸ் விருந்துக்குக்கூட நேரத்துக்குப் போனதில்லை என் வாசில். அவருடைய அம்மா அவருக்காகத் தட்டை மூடி வைத்தே காத்திருந்து, போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று கேட்கிறேன். வீட்டில் ஆளே வைக்காமல், மாட்டை மேயவிட்டுவிட்டு வந்தவர்கள் கை தூக்குங்கள்!

அடேயப்பா... இறக்காதீர்கள், இறக்காதீர்கள், நான் எண்ணவில்லை, ஆசைதீரப் பார்த்துக்கொள்கிறேன். தலைவரே, நீங்களுமா? இரண்டு கையையுமா?

இதற்கு மேல் நான் என்ன பேச? சாக்குத்துணி சுற்றிய அந்தப் பதினாறு கால்களுக்கும், அழைக்காமல் வந்த அண்ணனுக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. அவசரமில்லை, இருந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வணங்கி அமர்கிறேன்.