பல்லராட்டில் பொங்காத பானை

— அங்கிள், பால் பொங்கப் போகுதுங்க! ஓடி வாங்க. மொதப் பிடி அரிசி பெரியவங்க கையாலதான் போடோணும்.

— வேண்டாம் பிள்ளை சந்திரகலா. நீங்கள் போடுங்கோ. எங்களுக்கு இந்த வருசம் பொங்கல் இல்லை.

— ஆர் சொன்னது உங்களுக்கு? நான் விடியவே எழும்பித் தலை தோய்ஞ்சு, அரிசியும் களைஞ்சு வைச்சிருக்கிறன்.

— நான்தான் சொல்லுறன். பாமா, நீயும் அந்தப் பானையைத் தொடாதை.

— ஐயோ, என்னங்க அங்கிள், வீட்டுல யாராச்சும் தவறிட்டாங்களா?

— அதை விடுங்கோ பிள்ளை. நான் தண்ணி பிடிச்சுக்கொண்டு வாறன்.

— பாத்தீரோ பிள்ளை? பொங்கல் நாளில ஒரு மனிசன் சொல்லுற கதையோ இது? வாளியைத் தூக்கிக்கொண்டு போறார். கரவன் வண்டித் தொட்டியில தண்ணி நிரம்பி வழியுது.

— உக்காருங்க ஆன்ட்டி. நேத்து இந்தப் பல்லராட் தங்கச் சுரங்கத்துல வழிகாட்டி சொன்ன வருஷமே தப்புன்னு திருத்தினாரே, அந்த அங்கிளா இது? எங்க வீட்டுக்காரர் சிரிச்சுச் சிரிச்சு, பக்கத்துல எங்க கூடாரமே ஆடிப்போச்சுங்க.

— அவர் அப்பிடித்தான். போன வருசம், எழுபத்தாறாம் ஆண்டில, றெயில்வேயால பென்சனில வந்தவர். வந்த கையோட சில்லு வைச்ச வீடு மாதிரி இந்தக் கரவனை வாங்கிக் காருக்குப் பின்னால கொளுவினவர். சிட்னியில, பிளாக்டவுனில வீடு பூட்டிக் கிடக்குது. ஆக்களை அடைச்ச மறியல்வீடு, பழைய பாலம், சுடலை, ஒண்டும் விடமாட்டார். பலகையைக் கண்டா அடியில இருக்கிற அச்சகத்தின்ர பேர்வரைக்கும் வாசிப்பார். நான் குடையோட நிப்பன்.

— ஹ்ம், எங்க வீட்டுக்காரர் பரவால்லீங்க. எந்த ஊருக்குப் போனாலும் ஐஸ்கிரீம் கடைதான் சரித்திரம்.

— கேளும். போன கிழமை மெல்பேர்னில கப்டன் குக்கின்ர தாய் தேப்பன் இருந்த வீடு பாக்கப் போனம். இங்கிலாந்தில இருந்து கல்லுக் கல்லாக் கழட்டிக் கப்பலில கொண்டுவந்ததாம். சிட்னியில இருந்தே அதைத்தான் பாக்கவேணும் எண்டு வந்த மனிசன், என்னை வாசலில இறக்கிப்போட்டு, காரின்ர ரயருக்குக் காத்துப் பாக்கவேணும் எண்டு போயிட்டார்.

— உள்ளயே வரலீங்களா?

— வரேல்லை. பின்னேரம்தான் வந்தவர். அண்டைக்குத் தொடங்கித் திருநீறு பூசிறேல்லை. சாமிப் படத்துக்குத் துணி போட்டிட்டார். என்னையும் விளக்குக் கொளுத்த விடுறாரில்லை. உம்மட ஊரில எப்ப அப்பிடிச் செய்வினம்?

— அது... எழவு விழுந்த வீட்டுலங்க. ஆன்ட்டி, உங்களுக்குப் பிள்ளைங்க?

— ஒரு மகன். சிறிதரன். மெல்பேர்ன் பக்கம், ஸ்பிரிங்வேலில இருக்கிறான். மார்கரெட் எண்ட வெள்ளைக்காரப் பிள்ளையைக் கோயிலில இல்லாமல் சேர்ச்சில முடிச்சான். 'எனக்கு மகன் இல்லை' எண்டு ரெலிபோனை வைச்சவர் இவர். அதுக்குப் பிறகு அவனும் எடுக்கேல்லை, என்னையும் எடுக்க விடேல்லை. இப்ப சாமிப் படத்தையும் மூடிப்போட்டார். உண்மையாவே அவனைச் செத்தவனாக்கிப் போட்டாரோ? இல்லாட்டி அவனுக்கு ஏதும்...

— அப்படியெல்லாம் நெனைக்காதீங்க! நேராக் கேட்டுப்போடுங்க. வாறாரு பாருங்க. பொங்கலை நான் கிளறிக்கறேன்.

— இஞ்சருங்கோ, வாளியைக் கீழ வையுங்கோ. என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ?

— என்ன விசர்க் கேள்வி? நல்லாயிருக்கிறான்.

— அது எப்பிடித் தெரியும் உங்களுக்கு?

— தெரியும்.

— அப்ப ஆருக்கு இந்தச் செத்தவீடு கொண்டாடுறியள்? அவனைத் தலைமுழுகிப் போட்டியள் எண்டா என்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ. இண்டைக்கே ரயிலேறி ஸ்பிரிங்வேலுக்குப் போறன். நீங்கள் உங்கட கரவனோட ஊர் ஊராத் திரியுங்கோ.

— மெல்ல, பாமா. அந்தப் பிள்ளைக்குக் கேக்குது.

— எனக்கு ஒண்டும் கேக்கலீங்க அங்கிள்!

— கேக்கட்டும். அண்டைக்கு ரயர் பாக்கவோ போனீங்கள்?

— இல்லை.

— பின்ன?

— அந்தக் குக் வீடு இருக்கிற பூங்காவுக்குப் பக்கத்தில ஒரு ஆஸ்பத்திரி. சிட்னியில இருக்கேக்கையே சிறியின்ர சிநேகிதன் கணேசலிங்கம் ரெலிபோன் எடுத்து ஆஸ்பத்திரிப் பேரைச் சொன்னவன்.

— ஆஸ்பத்திரியோ? முருகா! சிறிக்கோ?

— அவனுக்கில்லை. அவன் உள்ளுக்கை கதிரையில நித்திரை. எழுப்ப எனக்கு முகமில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிண்டு பார்த்துப்போட்டு வந்திட்டன்.

— ஆரைப் பார்த்தனீங்கள்?

— ஒரு குட்டிப் பலகை கொளுவியிருந்தது. அதில எங்கட குடும்பப் பேர். நாலு தரம் வாசிச்சனான்.

— ஐயோ, பலகைக் கதையை விடுங்கோ! கட்டிலில கிடந்தது ஆர்?

— ரயில் வேண்டாம், நானே கூட்டிக்கொண்டு போறன். செத்தவீட்டுக்கு மட்டுமோ துடக்கு, தீட்டு, பாமா? உன்ர மூக்கை அப்பிடியே உரிச்சு வைச்சுக்கொண்டு எங்களுக்கொரு பேத்தி பிறந்திருக்கிறாள்.