பிள்ளை பெற்றவளுக்கு வளர்த்த கோழிகள்

கோழிக்குத் தீனி போடுவதில் அவசரம் கூடாது ஐயா. சோளத்தை ஒரே இடத்தில் கொட்டினால் வலுத்தது தின்னும், நோஞ்சான் பட்டினி கிடக்கும். கையை வீசி இறைக்க வேண்டும். முப்பது வருடமாக உயரத்தில் கட்டிய எங்கள் மரவீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவேதான் இறைத்து வந்தேன். மேலே பலகை இடுக்கு வழியாகச் சோறு விழும், வாழைக்காய்த் தோல் விழும், கோழிகள் பொறுக்கிக்கொள்ளும். அம்மா இறந்தபோது தம்பி ரொசேந்தோவுக்கு மூன்று வயது. அவனையும் கோழிகளையும் நான்தான் வளர்த்தேன். என் கல்யாணப் பேச்சை எடுத்து வந்தவர்களைப் படியேற விட்டதில்லை.

தம்பி மனைவி யெசேனியா வந்த இரண்டாம் மாதமே, "அக்கா, நாத்தம் குடலைப் புடுங்குது. அந்தக் கொக்கோ மரத்துக்குப் பின்னாடி கொண்டுபோய்த் தீனி போடுங்களேன்" என்றாள். அப்படியே செய்தேன். மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, அவள் மஞ்சள் கவுன் போட்டிருந்தாள்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, நாட்டுக்கோழிச் சாறுதான் குடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யெசேனியா உண்டானதுமே இருபது பெட்டைகளைத் தனியாக மூங்கில் கூண்டில் அடைத்து வளர்த்தேன். நல்ல மனதோடுதான் வளர்த்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் தம்பி என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"நாப்பது நாள் கழிஞ்சதும் நாங்க குவாயகில் பட்டணத்துக்குப் போறோம்க்கா. அவ அண்ணன் மீன் கம்பெனில வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கான்."

"கொழந்தை?"

"கொழந்தைய விட்டுட்டாக்கா போவாங்க?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன், மனதில் இருந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

நிற்கத் தெம்பில்லாதவளைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. நாற்பதை அறுபதாக்கலாம், நூறாக்கலாம் என்று நினைத்தேன். பரணில் விதைப்புக்குப் போக மீந்த சோளம் இருந்தது, பூச்சி அரிக்காமலிருக்கச் சிவப்பு விஷமருந்து தடவியது. சாயம் போகும்வரை கழுவி, கூண்டுக் கோழிகளுக்கு மட்டும் போட்டேன். தலை தொங்கிய கோழியை அன்றே அறுத்தேன். நிலக்கடலை அரைத்து ஊற்றினால் எந்தச் சாறும் மணக்கும்.

"அக்கா கைமணமே தனி" என்று யெசேனியா கிண்ணத்தைக் கவிழ்த்துக் குடித்தாள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பத்து நாளில் அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கியது, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. நான்தான் துணி அலசினேன், தலை வாரிவிட்டேன். என்னைப் போல் அவளை யாரும் கவனித்ததில்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள்.

கோழியை அறுப்பவளுக்குத்தான் இரைப்பை. நான் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், ஊருக்கே தெரியும். பிரசவம் பார்த்த பெத்ரோனா பத்தொன்பதாம் நாள் வந்தாள். யெசேனியாவைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து சட்டி சட்டியாகத் திறந்து பார்த்தாள்.

"ஏன்டி உபால்தினா, இரைப்பை எங்க?"

"வயிறு சரியில்ல. தூரப் போட்டுட்டேன்."

"பெத்த அப்பன் கேட்டே குடுக்காத ஆளாச்சே நீ. எத்தனை நாளா சரியில்ல?"

"ஒரு வாரமா."

"நாய்க்காவது போட்டிருக்கலாமே. நாய் பாவம்னு தோணிச்சோ?"

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். அவள் சாம்பல் தொட்டியைக் கிளறி, காலையில் நான் போட்ட இரைப்பையை எடுத்துக் கத்தியால் கீறினாள்; உள்ளே அரைபடாத சோளம். வெளியே எவ்வளவு கழுவினாலும் சோளத்தின் மூக்கில் கொஞ்சம் சிவப்பு தங்கிவிடும். அது எனக்குத் தெரியாமல் போயிற்று. அவள் கத்தவில்லை. அந்தச் சோளத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய் என் தம்பியிடம் காட்டினாள். அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப் போவதில்லை.

யெசேனியா ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே லாரியில் இறந்துபோனாள். நான்தான் காரணம். "கொன்றேன்" என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் அதையெல்லாம் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

குழந்தை விஷயம் வேறு. அந்த மருந்து தாய்ப்பால் வழியாகப் போனது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அவனுக்கென்றே கறவை ஆடு வாங்கிக் கட்டியிருந்தேன் ஐயா. "ஒடம்பு முடியாதவ பால் குடுக்காத, ஆட்டுப்பால நான் புகட்டுறேன்" என்று தினமும் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறாள். அவன் இன்னும் கண் திறக்கவில்லை என்கிறீர்கள். அதை என் பெயரில் எழுதாதீர்கள். நான் கொடுத்தது சாறு, அதுவும் அவளுக்கு மட்டும். பெற்ற பிள்ளைக்கு அந்தப் பாலைக் கொடுத்தவள் அவள்.