எக்ஸ்ரே படம் எங்க ஓடப் போகுது?

...திறக்கல பாருங்க. இப்பவும் திறக்கல. வாய மூடாதீங்க, அந்தப் பஞ்சு அங்கயே இருக்கட்டும். ஊசி போட்டு ரெண்டு நிமிஷந்தான் ஆகுது, மரத்துப்போக இன்னும் நேரமிருக்கு. போன வாரம் எடுத்த உங்க எக்ஸ்ரே இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. பேரு தெரியுது. தட்டினா 'அனுமதி இல்லை'ங்குது. என் கிளினிக், என் கம்ப்யூட்டர், எனக்கே அனுமதி இல்லையாம். வேரு எப்படி வளைஞ்சிருக்குன்னு பாக்காம நான் பல்லப் பிடுங்க முடியுமா?

எல்லாம் அந்த ரிசப்ஷன் மகராசி பண்ணின வேலை. வெளிய நாற்காலி காலியா கெடக்குதே, பாத்திருப்பீங்க. எட்டு வருஷமா இருந்தா. இருந்து என்ன, எருமைமாட்டு மேல மழை பேஞ்ச மாதிரி. நேத்து சாயங்காலம் வந்து நிக்கிறா, 'டாக்டர், எக்ஸ்ரே ஒண்ணுமே திறக்க மாட்டேங்குது'ன்னு. நாலாயிரம் பேரு படம். 'நீதானே காலையிலேருந்து அதுல கை வச்சிட்டிருந்த'ன்னேன். 'நான் ஒண்ணும் பண்ணல டாக்டர்'ங்குறா. எந்தத் திருடன் நான்தான்னு ஒத்துக்கிட்டான்? நல்லா கேட்டு விட்டேன். கொஞ்சம் சத்தமாவே. வெளிய ரெண்டு பேஷண்ட் உக்காந்திருந்தாங்க, கேட்டா கேக்கட்டுமேன்னுதான். சாவிக் கொத்த மேசை மேல வச்சிட்டு, கைப்பைய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. போறவ ஃபேனையாவது நிறுத்திட்டுப் போனாளா? ...நிறுத்திட்டுத்தான் போனா. அது வேற விஷயம்.

எச்சில் விழுங்கலாம், பரவாயில்ல.

இந்தக் கம்ப்யூட்டர அமைச்சுக் குடுத்தது என் கொழுந்தன், வீட்டுக்காரரோட தம்பி. கருப்புத் திரையில எழுத்தா அடிச்சாத்தான் அவருக்கு வேலை செஞ்ச மாதிரி இருக்கும். மவுஸத் தொட்டா கௌரவம் என்னாகிறது? யாரு எந்த ஃபோல்டர்ல என்ன செய்யலாம்னு அதுலதான் உத்தரவு போடணுமாம். படிக்கிற உரிமை, எழுதுற உரிமை, ஓட்டுற உரிமை. ஆர், டபிள்யூ, எக்ஸ். பாத்தா, எக்ஸ்ரே ஃபோல்டர்ல அவளுக்கு மூணையும் வாரிக் குடுத்திருக்காரு, ஊரார் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு. எக்ஸ்ரே படத்த என்னத்துக்கு ஓட்டணும்? அது என்ன ஸ்கூட்டரா? கேட்டா, 'அது அப்படித்தான் அண்ணி, தொடாதீங்க'ங்குறாரு. முப்பத்திரண்டு பல்லுக்கும் நரம்பு எங்க போகுதுன்னு தெரிஞ்சவளுக்கு மூணு எழுத்து தெரியாதாக்கும்.

நேத்து மத்தியானம் சாப்பிட்ட கையோட நானே உக்காந்தேன். பெரிய பாஸ்வேர்டையும் போட்டு, உரிமைய மாத்துற உத்தரவு சிஎச்மாட், அத அடிச்சு, உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் சேரட்டும்னு ஒரு பெரிய ஆர் சேத்து, மைனஸ் எக்ஸ். அவ்வளவுதான் விஷயம். ஓடாத பொருளுக்கு ஓட்டுற உரிமை எதுக்கு, புடுங்கிப் போட்டேன். புடுங்குறதுதானே நம்ம தொழில்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் எடுத்தது ஓட்டுறத மட்டும். படிக்கிறதுல கையே வைக்கல.

இருங்க, அவருதான் கூப்பிடுறாரு.

சொல்லுங்க தம்பி... ஆமா, பேஷண்ட் நாற்காலியிலதான் இருக்காரு... ஹிஸ்டரின்னு அடிக்கணுமா? அடிச்சிட்டேன். நேத்து அடிச்சதெல்லாம் வரிசையா வருது... கடைசி வரி? சிஎச்மாட், மைனஸ் எக்ஸ். அது நான் அடிச்சது... ஆமா, நானேதான்... ஃபோல்டருக்கு எக்ஸ்னா ஓட்டுறது இல்லையா? உள்ள நுழையுறதா? ...அப்ப வாசல்ல நின்னு பேரப் படிக்கலாம், உள்ள கால் வைக்க முடியாது... யாருமேவா?... அவ எதையும் மாத்தல, அப்படித்தானே சொல்றீங்க. புரியுது தம்பி, ரெண்டு தடவ சொல்ல வேண்டாம்... ப்ளஸ் எக்ஸ். சின்னது இல்ல, பெரிய எக்ஸ். அது ஃபோல்டருக்கு மட்டும் குடுக்கும், படத்துக்குக் குடுக்காது. சரி. அடிச்சாச்சு.

...

வந்துடுச்சு. உங்க பல்லுதான். கீழ வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. வேரு நேராத்தான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல.

எட்டு வருஷம்.

வெளிய ரெண்டு பேரு இருந்தாங்கன்னு சொன்னேன்ல. அதுல ஒருத்தர் அவ தெருக்காரரு.

ஒரு நிமிஷம், ஒரு ஃபோன் பண்ணிக்கிறேன். ...அடிக்குது. ...முழுசா அடிச்சு நின்னுடுச்சு. இன்னொரு தடவ பாக்குறேன். ...இப்ப கட் பண்ணிட்டா.

மரத்துடுச்சா? கன்னம் கனமா இருக்கா? நல்லது. ஒரு உதவி பண்ணுங்க, உங்க ஃபோனக் கொஞ்சம் குடுங்க. என் நம்பரப் பாத்தா அவ எடுக்க மாட்டா. நீங்க எதுவும் பேச வேண்டாம், உங்களால இப்ப முடியவும் முடியாது. நான்தான் பேசணும். என்ன பேசுறதுன்னுதான் தெரியல.