உங்கண்ணன் இப்போ கேக்குற பாட்டு

– திரும்பவும் குத்துப்பாட்டு, தம்பி. காலையிலேர்ந்து இதே கூத்துதான். உங்கண்ணன் ராத்திரி கண்ணே மூடல போலிருக்கு.

– அண்ணி, அந்தப் போனக் கொஞ்சம் கவுத்து வைங்க. இந்த ஸ்க்ரூவப் பிடிச்சுக்கங்க, ஒயர மாத்திடறேன்.

– பிடிக்கிறேன், பிடிக்கிறேன். அவ்வளவு பெரிய லிஃப்டையே பிரிச்சு மாட்டுற ஆளுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி என்ன பெரிய வேலையா?

– பாருங்க, இப்படிக் கருக்கி வெச்சா யாரு வந்தாலும் பெரிய வேலைதான். என்னதான் பண்ணீங்க?

– வேகமான பாட்டா வந்துச்சா, கையும் கூடவே ஓடிருச்சு. ஒரு வெள்ளைச் சட்டையோட காலரும் போச்சு, பெட்டியும் போச்சு. லாண்டரிக் கடைக்காரர் முறைச்ச முறைப்ப நீங்க பாத்திருக்கணும்! நான் அவரு கேக்குறதத்தானே கேப்பேன்? அவரு ஆரம்பிச்சா நானும் ஆரம்பிக்கணும்.

– இன்னுமா அண்ணி?

– இன்னுமான்னா? கல்யாணமான புதுசுலேர்ந்து இப்படித்தான். ஸ்டியரிங்ல கைய வெச்சிருக்கறப்ப போன் பேசக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன். அதுக்காகப் பேசாமயே இருக்க முடியுமா? ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டு ஆப், அவரு லாரியில போடுற பாட்டு இங்க என் போன்ல தெரியும். பேருக்குப் பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி. குத்துப்பாட்டுன்னா தூக்கம் சொக்குது. பழைய சோகப் பாட்டுன்னா மழை, வண்டி நகரல. வெறும் வயலின்னா சரக்க இறக்கிட்டு ஐயா கால நீட்டிப் படுத்துட்டாரு. நான் இங்க துணி மடிச்சுக்கிட்டே அவரு கூட ஊர் ஊராப் போயிருக்கேன், தெரியுமா?

– எல்லாம் சரி. ஆனா லாரியத்தான் கொண்டுபோய் நிறுத்தி, சாவியக் குடுத்துட்டு வேலைய விட்டுட்டானே.

– வேற கம்பெனியில ஓட்டுறாரு.

– யாரு சொன்னா?

– பாட்டு சொல்லுது.

– ரெண்டு வருஷமா நம்பரே உபயோகத்துல இல்லன்னு சொல்லுதே, அது காதுல விழலையா?

– கோவக்காரரு. போறப்ப நான் முகம் குடுத்துப் பேசல. அந்தக் கோவத்துல நம்பர மாத்திட்டாரு. பாட்ட நிறுத்தலியே? நான் வேணாம்னா இதுலேர்ந்து என்னத் தூக்கியிருக்க மாட்டாரா? நான் பாக்குறேன்னு தெரிஞ்சுதான் போடுறாரு. அதுவும் ஒரு பேச்சுதான், தம்பி. புருஷன் பொஞ்சாதிக்குள்ள இருக்கிறது உங்களுக்கு எங்க புரியப்போகுது!

– நாளைக்கு உங்க அக்கா வர்றாங்க.

– வரட்டும். டீ குடிச்சுட்டுப் போகட்டும்.

– டீ குடிக்க வரல. உங்களக் கூட்டிட்டுப் போக வர்றாங்க. இந்தக் கடைய மூடப்போறாங்க, இருக்கிற ரூமையும் காலி பண்ணணும். அங்க உங்களுக்கு மாடியில எடம், அவங்க தையல் கடையிலயே வேலை. இதவிட ஒருத்தர் எறங்கி வரமாட்டாங்க. இந்தத் தடவையும் முடியாதுன்னா திரும்பக் கேக்க மாட்டாங்க, பாருங்க.

– ரூமப் பூட்டிட்டு நான் போயிட்டா, அவரு வந்து யாரு வாசல்ல நிப்பாரு?

– வரமாட்டான் அண்ணி.

– வாயக் கழுவுங்க.

– சும்மா சொல்லல. அவன் இல்ல.

– எங்க இல்ல?

– எங்கயுமே இல்ல. லாரிய விட்டுட்டு வெளிய வந்தவன், ரோட்டோரம் அப்படியே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குத்தான் கூப்பிட்டாங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

– ஸ்க்ரூ விழுந்துருச்சு.

– விடுங்க, நான் எடுத்துக்கறேன்.

– பொய். இப்பக் கூட குத்துப்பாட்டு ஓடிச்சே.

– அவன் போன் என்கிட்ட இருக்கு. நான்தான் போடுறேன்.

– நீங்களா?

– புள்ளி அணைஞ்சா நீங்களும் அணைஞ்சு போயிடுவீங்கன்னு பயந்தேன்.

– நேத்து மத்தியானம் வயலின் வந்துச்சே?

– சாப்பாட்டு நேரம். லிஃப்டுக் கூண்டு மேல படுத்திருந்தேன்.

– ராத்திரியெல்லாம் குத்துப்பாட்டு?

– ராத்திரி ஷிப்ட்டு. நானும் மனுஷன்தானே, எனக்கும் தூக்கம் சொக்கும்ல.

– ஐயோ. வயலின் வந்துச்சுன்னு எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! கால் வலி குறைஞ்சிருக்கும்னு. நல்லாத் தூங்குங்கன்னு இந்தப் போனத் தடவிக் குடுத்தேன், தம்பி. உங்களையா நான் தடவிக்கிட்டிருந்தேன்? கூசுது எனக்கு.

– திட்டுங்க. அடிங்க வேணும்னாலும்.

– முகத்தக் கூடக் காட்டல நீங்க. ஒரு தடவ அந்த முகத்தப் பாத்து, அன்னிக்குப் பேசாம இருந்துட்டேன், மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன். அதுக்குக் கூடவா எனக்குக் குடுத்துவைக்கல?

– தப்புதான் அண்ணி.

– யாரு இருந்தா கூட?

– நான் மட்டும்தான்.

– கஷ்டப்பட்டாரா?

– இல்ல. தூங்குற மாதிரிதான் இருந்தான்.

– தூக்கம். அவருக்கு எப்பவும் அதான் பத்தாது... சரி. அக்காகிட்ட வர்றேன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது.

– சொல்றேன். நல்லாயிருப்பீங்க அண்ணி. மெல்ல மெல்ல எல்லாம் சரியாயிடும்.

– ஒண்ணும் சரியாவாது. போறேன், அவ்வளவுதான். இந்தப் புள்ளிய எப்படி எடுக்கிறது?

– குடுங்க, நான் பண்றேன்.

– உங்க கையெல்லாம் கரி. எதத் தொடணும்னு சொல்லுங்க, நானே தொடுறேன். என் புருஷன் பேரு, அத வேற யாரும் அழிக்க வேணாம்.

– அவன் பேர அழுத்திப் பிடிங்க, கீழ ‘நீக்கு’ன்னு வரும்.

– தம்பி.

– வந்துச்சா?

– பாட்டு மாறியிருக்கு. இப்ப ஒண்ணு ஓடுது.

– அது... வீட்டுல நிறுத்தாம வந்துட்டேன். தானா ஓடிக்கிட்டே கிடக்கும்.

– தானா ஓடுனா முடிஞ்சு அடுத்த பாட்டுக்குப் போகும். இது பாதியில நின்னு, திரும்ப முதல்லேர்ந்து வருது. யாரோ கையில வெச்சுப் போடுறாங்க.

– அண்ணி, போனக் குடுங்க.

– நீங்க ஒரு கையில ஒயரையும் ஒரு கையில பெட்டியையும் வெச்சுக்கிட்டு என் எதிர்ல உக்காந்திருக்கீங்க.

– பாருங்க, நான் சொல்றதக் கேளுங்க...

– எப்பப் பாத்தீங்க அவர?

– அண்ணி...

– எப்பன்னு கேட்டேன்.

– போன மாசம். ஒரு அபார்ட்மெண்டுல லிஃப்ட் நின்னுருச்சுன்னு கூப்பிட்டாங்க. எவ்வளவு நேரமாகும்னு கத்திக்கிட்டே கைலியோட ஒருத்தன் வீட்டுக் கதவத் தொறந்துட்டு வந்தான். அவன்தான்.

– என்னக் கேட்டாரா?

– இல்ல.

– எப்படி இருக்கான்னு கூடவா?

– கேக்கல. இந்தப் பாட்டு ஆப்ல நீங்க இருக்கிற நினைப்பே அவனுக்கு இல்ல அண்ணி. மறந்தே போயிட்டான்.

– அதனால கொன்னுட்டீங்களா?

– செத்துட்டான்னா அழுது தீத்துடுவீங்க. இத நான் என்னன்னு சொல்லுவேன்?

– நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். ஓடுறது தாலாட்டு, தம்பி. திரும்பவும் முதல்லேர்ந்து போடுறாரு, குழந்தை இன்னும் தூங்கல.