முகாமுக்கு விலை எழுத ஓர் ஆள்

வெலிமடையிலிருந்து பதுளைக்கு வரும் பஸ். எண்பத்து மூன்று கலவரம் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். எனக்கு முன் சீட்டில் இரண்டு கடைக்காரர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் முஸ்லிம்.

"பட்டாளத்துக்கு வெலை எழுதிக் குடுக்க என் மகன் பேரைக் குடுத்துட்டேன் நானா" என்றார் தமிழர்.

"பட்டாளத்துக்கா?"

"கவர்மெண்டு கச்சேரியில இருந்து கடை கடையா ஒரு கடுதாசி குடுத்து நிரப்பச் சொன்னாங்களே. முகாமுக்கு வாங்குற சாமானுக்கு வாராவாரம் சந்தை வெலை எழுத யாரால முடியும்னு."

"எனக்கும் வந்திச்சு. வேலை இப்ப இல்ல, சும்மா விசாரிக்கிறோம்னுதானே சொன்னாங்க. நான் அடுப்புல போட்டுட்டேன்."

"எங்க குடும்பத்துல இங்கிலீசு எழுத அவன் ஒருத்தன்தான். வேலை கிடைச்சா அதைச் சொல்லி வீட்டுக்குக் கூப்பிட்டுக்கலாம்னு நெனைச்சேன்."

"இப்ப எங்க இருக்கான்?"

"கலவரத்தோட கிளிநொச்சிக்குப் போனவன்தான். வெலாசம் கேட்டிருந்திச்சு. அதையும் எழுதிட்டேன்."

முஸ்லிம் கடைக்காரர் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்களுக்குப் புத்தி இருக்கா மொதலாளி? அந்தப் பக்கம் இருக்கிற தமிழ்ப் பையன்னா முகாமுல என்ன நெனைப்பாங்க?"

"நெனைச்சுட்டாங்க. அங்க என்ன செய்றான், நேர்ல வரச் சொல்லுன்னு ஆள் வந்து சொல்லிட்டுப் போறாங்க."

"பேரை வெட்டச் சொல்லுங்க."

"நேத்துக் கச்சேரிக்குப் போய்க் கேட்டேன். வெட்டலாமாம். ஏன் வெட்டச் சொல்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்."