கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி

சமீபத்தில் ரசித்துப் படித்த புத்தகம் எது என்று கேட்டால், இப்போது என் மடியில் இருக்கும் இதைத்தான் சொல்வேன். ஒரே வீட்டில் வாழும் இரண்டு சகோதரிகளின் கதை. பக்கத்துக்குப் பக்கம் சண்டை, அடுத்த பக்கத்தில் சமாதானம். எழுதியவர் கூடப்பிறந்தவளோடு ஒரே சமையலறையில் புழங்கியவராகத்தான் இருக்க வேண்டும். நான் முழுவதும் படித்துவிட்டேன். அக்காவுக்குத்தான் கடைசி அத்தியாயத்தை இன்னும் படித்துக் காட்டவில்லை. அதற்குள் நீங்கள் என்னை அழைத்து வந்துவிட்டீர்கள். பரவாயில்லை இன்ஸ்பெக்டர் சார், உங்கள் வேலை உங்களுக்கு.

கண் சொட்டு மருந்தைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் எங்கள் வாசகர் கூட்டத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். மடக்கு நாற்காலிகள், கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. ஒரே ஒரு விதி. படித்த புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிட்டு, அதைத் திறக்காமல், மனதில் நின்றதை மட்டும் பேச வேண்டும். கேட்டவர்களில் யாருக்கு ஆசை வருகிறதோ அவர் அந்தப் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போவார்.

அங்கே அக்கா பேசினால் மின்விசிறியின் சத்தம்கூட யாருக்கும் கேட்காது. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். வண்டி புறப்படும் நேரத்தை அவள் சொன்னாலே ஏறிப் போய்விடலாமா என்று தோன்றும். எனக்கு நாலு பேருக்கு முன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'தங்கச்சி, அந்த ஜன்னலைச் சாத்துங்க' என்பதோடு சரி.

ஆனால் அக்காவால் படிக்க முடியாது. ஒரு கண்ணில் பார்வை எப்போதோ போய்விட்டது. மற்றதில் புரை முற்றியிருந்தது. பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலை முடித்து வந்து, சாயங்காலம் முழுக்க நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். நடுவில் நிறுத்தி, எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அது அக்காவின் வாயிலிருந்து வரும். என் வார்த்தை, அவள் குரல், எல்லோருடைய கைதட்டல். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் தட்டுவேன். இதில் எனக்கு வருத்தம் இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

பிறகு படிக்கும்போது சில இடங்களை மாற்றத் தொடங்கினேன். முதலில் ஒரு வரி, பிறகு ஒரு காட்சி. ஒரு கப்பல் சமையல்காரனின் மனைவி கதை. பல வருடம் கழித்து அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். புத்தகத்தில் அவள் திறந்து சோறு போடுகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, அவன் போகும்வரை மூச்சு விடாமல் நின்றாள் என்று படித்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி எழுதியிருக்கான்டி, பாவி."

அந்த மாதக் கூட்டத்தில் அதைச் சொல்லி எல்லோரையும் கலங்கடித்தாள். மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் போனார். அடுத்த கூட்டத்தில் அவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தம்மா கதவைத் திறந்துடறாளே. சோறு போடறா, குழம்பு ஊத்தறா, எல்லாம் செய்யறா. நீங்க வேற புத்தகம் படிச்சீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என் தோளைப் பிடித்தபடி நடந்தாள். "அடுத்த வாரம் ஆபரேஷன். கண்ணு வந்ததும் முதல் வேலையா எல்லாப் புத்தகத்தையும் திரும்பப் படிக்கணும்டி. எது அவங்க எழுதினது, எது உன் கைவரிசைன்னு பிரிச்சுப் பார்க்கணும். அதுக்கப்புறம் இருக்கு உனக்குக் கச்சேரி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என் தோளில் இருந்த கை கனத்தது. வழிநெடுக யோசித்தேன். கண் வந்தால் அவளே படிப்பாள். குரல் ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. பிறகு சாயங்காலங்களில் நான் எதற்கு?

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டாக்டரம்மா மேல் எந்தக் குறையும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், கண்ணில் பச்சைத் தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று என்னிடம் தெளிவாகச் சொன்னார். அன்றே மருந்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். வேளை மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

கொஞ்ச நாளில் அக்காவுக்கு வலி வந்தது. "குத்துதுடி. டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள்.

"ஆறும்போது அப்படித்தான் இருக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்க" என்றேன்.

வலி தெரியாமல் இருக்கட்டும் என்று இந்தப் புத்தகத்தை எடுத்து வந்து படித்தேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இடையிடையே, "அப்புறம்?" என்பாள். எங்களுக்குள் அப்படி ஒரு நெருக்கம் அதற்கு முன் இருந்ததில்லை. கண் சீழ்பிடித்து வீங்கிய பிறகு நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

கூட்டத்துக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அக்கா கட்டுப்போட்ட முகத்தோடு அவர்களிடம் பேசினாள்.

"கண்ணு வந்ததும் கூட்டத்துல ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இத்தனை நாள் நான் பேசினதெல்லாம் இவ பேச்சு. அந்தக் கப்பல்காரன் பொண்டாட்டி விளக்கை அணைச்சதும் இவ வேலைதான். கேட்டா வாயைத் திறக்க மாட்டா, அதான் நான் பேசினேன். இனிமே இவளை முன்னால உட்கார வெச்சுட்டு, நான் பின்னால உட்கார்ந்து கைதட்டணும்னு ஆசை."

அதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாம். எதையும் உடைத்துச் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வது அக்காவிடம் சின்ன வயதிலிருந்தே உள்ள குறை.

மருந்துக்கடைக்காரர் அப்போது கட்டிலருகே இருந்த பையிலிருந்து சொட்டு மருந்து பாட்டிலை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குலுக்கினார்.

"தங்கச்சி, இது நான் கொடுத்த மருந்துதானே? அது பால் மாதிரி வெள்ளையா இருக்குமே."

உங்களைப் போலவே அவரும் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை. தண்ணீர்தான் என்றேன்.

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "இனிமே இவ எனக்கு எதுவும் படிக்க வேண்டாம்" என்றாள். கோபத்தில் சொல்கிறாள். சாயங்காலம் ஆனால் தேடுவாள்.

ஆமாம் சார், மருந்தை மாற்றியது நான்தான். வேண்டுமென்றுதான் மாற்றினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. இந்தக் கடைசி அத்தியாயத்தை வேறு யாரும் அவளுக்குப் படித்துக் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வரும்வரை அது பாக்கியாகவே இருக்கட்டும். புத்தகத்தில் இருக்கிறபடி கேட்டால் அக்கா மனசு தாங்காது. அதில் அந்தத் தங்கை நல்லவளே இல்லை.